கேள்வி கேட்காத பெட்டிகள்

மழை பிடித்துக்கொண்ட அன்றைக்குத்தான் பெட்டிக்காரரின் முதுகு போனது. வண்டியிலிருந்து இரண்டு கம்ப்யூட்டர்களை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு, நனையக்கூடாதே என்று ஒரே எட்டில் வாசல் ஏறியிருக்கிறார். ஏறினவர் அப்படியே நின்றுவிட்டார். விழவுமில்லை, கத்தவுமில்லை. என் கடையிலிருந்து பார்த்தால், ஒரு மனிதர் ஏதோ யோசனை வந்து நடுவாசலில் நிற்கிறார் என்றுதான் தோன்றும். "கொஞ்சம் இதை வாங்கு" என்று மட்டும் உள்ளே பார்த்துச் சொன்னார். அவர் மனைவி வந்து கையிலிருந்ததை வாங்கிய பிறகுதான் தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவரை எழுப்ப நாலு பேர் வேண்டியிருந்தது.

பெரிய அலுவலகங்கள் பழசாகிவிட்டது என்று கழித்துப்போடும் கம்ப்யூட்டர்களை மொத்தமாக எடுத்து வந்து, தூசு தட்டி, கெட்டதை மாற்றி, காசில்லாமல் கிடைக்கிற லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஏற்றி, பள்ளிக்கூடங்களுக்கும் பயிற்சி நிலையங்களுக்கும் கொடுப்பது அவர் தொழில். பலகையில் அவர் பெயர் இருந்தாலும் பாதி வேலை அக்காவுடையது. அக்கா என்று நான் சொல்வது அவர் மனைவியை. சொந்தமில்லை, பக்கத்துக் கடைக்காரி என்ற பழக்கம்தான். அவர்கள் பட்டறைக்கும் என் எம்பிராய்டரிக் கடைக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் ஸ்க்ரூ கீழே விழுந்தால் இந்தப் பக்கம் கேட்கும். சுவரில் விரல் நுழைகிற ஓட்டை போட்டு, அதன் வழியே இன்டர்நெட்டுக்கு ஒரு வயரை எனக்கும் இழுத்து விட்டிருந்தார்கள். என் கடையில் இருந்த கம்ப்யூட்டரும் அவர்கள் கொடுத்ததுதான்.

முன்னறையில் அக்காவின் வேலை. வாய்க்கும் மூக்குக்கும் துணி கட்டிக்கொண்டு ப்ளோயரால் ஊதுவாள். ஒரு பெட்டியைத் திறந்தால் அது எந்த மாதிரி ஆபீஸில் இருந்தது என்று சொல்லிவிடுவாள். "இது சிகரெட் பிடிக்கிறவன் மேசைக்கு அடியில இருந்தது. இது பிஸ்கட் தின்னவ." மெமரிக் கட்டையின் மஞ்சள் பற்களைப் பிள்ளைகள் பென்சில் அழிக்கிற ரப்பரால் தேய்ப்பாள். பாதிப் பெட்டிகள் அந்த ஒரு வைத்தியத்திலேயே உயிர் பெற்றுவிடும். உயிர் வந்த பெட்டி உள்ளறைக்குப் போகும். அங்கே அவர். மேசையில் மூன்று பெட்டிகளை வைத்து, ஒன்றில் கேட்கிற கேள்விக்குப் பதில் தட்டிவிட்டு அடுத்ததற்குப் போவார். என்ன மொழி, என்ன கீபோர்டு, எந்த ஊர் நேரம், டிஸ்க்கை எப்படிப் பிரிப்பது, ஆள் பெயர் என்ன, கடவுச்சொல் என்ன. ஒரு லினக்ஸ் ஏறி முடிப்பதற்குள் இத்தனை கேள்வி கேட்கும். எல்லாவற்றுக்கும் அவரே நேரில் உட்கார்ந்து பதில் சொன்னால்தான் அவருக்குத் திருப்தி.

டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, முதுகெலும்பில் டிஸ்க் நழுவியிருக்கிறது, தட்டையான பலகையில் படுத்தே கிடக்க வேண்டும், தான் சொன்ன பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நடக்கலாம், உட்காரவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

"ஆயுசு பூரா டிஸ்க்கோடயே மல்லுக்கட்டினேன். கடைசியில என் டிஸ்க்கே என்னைப் பழிவாங்கிடுச்சு" என்றார் என்னிடம். சிரிக்கப் பார்த்தார். சிரித்தால் வலித்தது.

உள்ளறையில் மேசையை ஒதுக்கி, அங்கேயே பலகை போட்டுப் படுக்க வைத்தார்கள். வீடு மாடியில்; படி ஏற முடியாது. முன்னறையில் கூரை வரைக்கும் பெட்டிகள் அடுக்கியிருந்தன. மழை விடுமுறை முடிந்து திறக்கிற பள்ளிக்கூடத்துக்கு ஒரு பங்கு, நூலகத்துக்கு ஒரு பங்கு, பெண்கள் தொழிற்பயிற்சி நிலையத்துக்கு ஒரு பங்கு. மூன்று இடத்துக்கும் மூன்று விதமான லினக்ஸ். பள்ளிக்கூடத்தில் பாடப்புத்தகத்தில் இருக்கிற அதே பதிப்பு வேண்டும். பயிற்சி நிலையத்துக்கு இருப்பதிலேயே புதியது வேண்டும். நூலகத்துக்குப் போகிற பெட்டிகளோ கிழடுகள், பழைய, லேசான பதிப்பைத்தான் தாங்கும். அத்தனைக்கும் பதில் சொல்கிற ஆள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

அவருடைய அண்ணன் அடுத்த ஊரில் பழைய இரும்புக்கடை வைத்திருந்தார். நாங்கள் பெரியவர் என்போம். விஷயம் கேள்விப்பட்டு ஆப்பிள் பையோடு வண்டியில் வந்து இறங்கினார். தம்பியின் தலைமாட்டில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு முன்னறைக்கு வந்து, அடுக்கைப் பார்த்தபடியே பேசினார். நான் அப்போது அக்காவுக்குக் கஞ்சி கொண்டுவந்திருந்தேன்.

"ஏம்மா, நான் சொல்றேன்னு தப்பா நினைக்காத. கடையைப் பூட்டிட்டு ரெண்டு பேரும் நம்ம வீட்டுக்கு வந்துருங்க. கீழ் ரூம் சும்மாதான் கெடக்கு. இதையெல்லாம் நான் எடைக்கு எடுத்துக்கறேன்."

"ஆர்டர் எடுத்தாச்சே மாமா."

"எடுத்தவன் படுத்துட்டானே. நீ என்ன பண்ணுவ, ஒத்தையா?"

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் என்ன, என் கடையில உக்காந்துக்க. அவனுக்கும் ஏதாவது உக்காந்து செய்யற வேலை..."

"உக்காரவே கூடாதுன்னுதான் டாக்டர் சொல்லியிருக்கார்."

பெரியவர் அடுக்கிலிருந்த ஒரு பெட்டியைக் கையால் தட்டிப் பார்த்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. தம்பி சின்ன வயதிலிருந்தே தன் பேச்சைக் கேட்காமல் எதையாவது கழற்றிக்கொண்டிருப்பவன் என்ற வருத்தம்தான். போகும்போது, "அடுத்த ஞாயித்துக்கெழமை வண்டியோட வரேன். அதுக்குள்ள யோசிச்சு வை" என்றார்.

அன்று சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் சண்டை. இருவரும் சண்டை போட்டு நான் கேட்டதேயில்லை என்பதால் எம்பிராய்டரி மெஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

"நெட்வொர்க் வழியா ஏத்திடலாங்க. நான் படிச்சுப் பார்த்துட்டேன்" என்றாள் அக்கா.

"அதெல்லாம் ஒரே மாதிரி பெட்டி ஆயிரம் வச்சிருக்கிற கம்பெனிக்காரனுக்கு. நம்மளுது ஒவ்வொண்ணும் ஒவ்வொரு குணம். நேர்ல உக்காந்து மொகம் பார்த்து ஏத்தணும்."

"சரி, வந்து உக்காருங்க. மொகம் பாருங்க."

அவர் புரளப் பார்த்தாரோ என்னவோ, பலகை கிரீச்சிட்டது.

"பாத்ரூம் போகவே என் தோள் வேணும். இதுல பெட்டிக்கு மொகம் பாக்கணுமாம். உங்க அண்ணன் கீழ் ரூம் குடுக்கறேங்கறார். அங்க போய்ப் படுத்துட்டு ஃபேனுக்கு மொகம் பாருங்க."

 நான் மெஷினை மறுபடி ஓட்டலாமா என்று கை வைத்தபோது அவர் குரல் கேட்டது. கொஞ்சம் தணிந்திருந்தது.

"சர்வருக்கு எந்தப் பெட்டியை வைக்கலாம்னு இருக்க?"

மறுநாளிலிருந்து பட்டறையின் கோலமே மாறிவிட்டது. அவர் ஒருக்களித்துப் படுத்துத்தான் திரையைப் பார்க்க முடியும் என்பதால் அக்கா ஒரு மானிட்டரையும் அவருக்கு எதிரே ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். நின்றபடி பார்த்தால் நமக்கு எழுத்தெல்லாம் செங்குத்தாக ஏறும். படுத்திருக்கிறவருக்கு நேராகத் தெரியும். அக்கா அதைப் படிக்க வேண்டுமென்றால் கழுத்தைச் சாய்த்துக்கொள்வாள். பார்க்கிறவர்களுக்கு, புருஷன் சொல்வதற்கெல்லாம் தலையைச் சாய்த்துக் கேட்கிற பெண்டாட்டி போல இருக்கும். உண்மையில் அவள் அவரிடம் எதிர்வாதம்தான் பண்ணிக்கொண்டிருப்பாள்.

எனக்குக் கம்ப்யூட்டரில் படம் வரையத் தெரியும், அவ்வளவுதான். அக்காதான் ப்ளோயரை வைத்துவிட்டு டீ குடிக்கும்போது விளக்கினாள்.

"பெட்டியை ஆன் பண்ணதும் உள்ள இருக்கிற நெட்வொர்க் கார்டு வயர்ல கூப்பிடும். 'நான் முழிச்சுட்டேன், யாராவது இருக்கீங்களா'ன்னு. இவ்வளவு நாளா யாரும் பதில் சொல்லலை. அதுவும் கொஞ்ச நேரம் கூப்பிட்டுப் பார்த்துட்டு, சரின்னு தன் டிஸ்க்குல இருக்கறதை எடுத்துக்கும். இப்ப நம்ம சர்வர் பதில் சொல்லும். 'வா, உன் விலாசம் இது, நீ ஏத்திக்க வேண்டியது இங்க இருக்கு'ன்னு."

"கேள்வியெல்லாம் கேக்குமேக்கா?"

"அதுக்கும் பதில் எழுதி சர்வர்லயே வச்சிடணும். ஒரே தடவை. அப்புறம் எத்தனை பெட்டி வந்தாலும் அதையே படிச்சுக்கும்."

அந்தப் பதில்களை எழுதியதை நான் வாசலில் நின்று பார்த்தேன். அக்கா கீபோர்டை மடியில் வைத்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டே போனார். எத்தனை வருஷமாக அந்தத் திரைகளின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். ஒவ்வொன்றும் எந்த இடத்தில் எதைக் கேட்கும் என்று அவருக்கு மனப்பாடம்.

"இப்ப கீபோர்டு கேட்பா. சொல்லிட்டியா? அடுத்து நேரம். அடுத்து டிஸ்க். புதுசுல இதோட சரி. பள்ளிக்கூடத்துக்குப் போறதுல பேரை முன்னாடியே கேட்டுருவா."

"மூணுக்கும் ஒரே பதிலை எழுதினா என்ன?" என்றாள் அக்கா.

"ஏம்மா, மூணு பேரும் ஒரு வீட்டுப் பொண்ணுங்கதான். ஆனா கேக்கிற விதம் வேற. மூத்தவகிட்ட பேசற மாதிரி கடைக்குட்டிகிட்ட பேசினா அவளுக்குப் புரியாது."

ஆக மூன்று பதிப்புக்கும் மூன்று பதில் கோப்பு. அவர் சொல்லச் சொல்ல எழுதி, ஒரு பெட்டியில் ஓட்டிப் பார்த்து, நின்ற இடத்தைக் கண்டுபிடித்து, திருத்தி, மறுபடி ஓட்டி. பள்ளிக்கூடத்துக்கானது சீக்கிரம் படிந்தது. புதியது ஒரு புள்ளியை விட்டதற்காகப் பாதி நாள் மல்லுக்கட்டியது. நூலகத்துக்கான பழையதுதான் கடைசி வரை முரண்டு பிடித்தது. எல்லாம் ஒழுங்காகப் போய், டிஸ்க்கைத் தொடுகிற இடத்தில் நின்று, 'இருப்பதை அழிக்கலாமா' என்று கேட்டுக்கொண்டு நிற்கும்.

"ஆமான்னு எழுதித்தானே இருக்கு" என்றாள் அக்கா. கழுத்தைச் சாய்த்துச் சாய்த்து அவளுக்கும் வலி எடுத்திருந்தது.

"அது பழைய மனுஷி. ஒரு தடவை சொன்னா நம்ப மாட்டா. ரெண்டு எடத்துல ஆமான்னு எழுதணும்."

இரண்டு இடத்தில் எழுதியதும் அது நகர்ந்தது.

இன்னொன்றும் பாக்கி இருந்தது. எந்தப் பெட்டிக்கு எந்தப் பதிப்பு என்று சர்வருக்குத் தெரிய வேண்டும். ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் ஒரு நம்பர் உண்டு. ஒன்றுக்கிருப்பது மற்றதற்கு இருக்காது. அதை வைத்துச் சொல்லிவிடலாம். பள்ளிக்கூடப் பெட்டிகளுக்கும் பயிற்சி நிலையத்துப் பெட்டிகளுக்கும் அக்கா நம்பர்களைப் பார்த்துப் பார்த்து ஏற்றினாள். நூலகத்துக் கிழடுகள் மட்டும் மிச்சம்.

"அதுக்கெல்லாம் நம்பர் தேடிட்டு உக்காராத" என்றார் அவர். "நம்பர் தெரியாத பெட்டி எது வந்தாலும் நூலகத்தோடதைப் போடுன்னு எழுதிவிடு. வேலை மிச்சம்."

அப்படியே எழுதினாள்.

அன்று என்னைக் கூப்பிட்டார்கள். முன்னறையில் வரிசையாக ஐந்தாறு பெட்டிகள். கீபோர்டும் இல்லை, மௌசும் இல்லை. வயரும் திரையும் மட்டும். அக்கா ஒவ்வொன்றின் பொத்தானையும் அமுக்கிக்கொண்டே போய், கடைசியில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். திரைகளில் எழுத்துகள் ஓடின. ஒன்று நீலமாகியது, ஒன்று ஊதாவாகியது. கேள்விகள் வந்த வேகத்தில் தாமே பதிலாகிப் போய்க்கொண்டிருந்தன. உள்ளேயிருந்து அவர், "எங்க இருக்கு? எங்க இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பிரசவ அறைக்கு வெளியே நிற்கிற அப்பா மாதிரி.

"எல்லாம் நல்லாப் போகுது. சும்மா கெடங்க" என்றாள் அக்கா. அவள் கண் கலங்கியிருந்தது. தூசு என்று துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் கரண்ட் போனது. மழைக்காலத்தில் அது வழக்கம்தான். நான் கடையைச் சாத்தாமலே முனைக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்தேன். வரும்போது கரண்ட் வந்திருந்தது. கம்ப்யூட்டர் தானே எழும்பி, திரையில் ஒரு பட்டை நிரம்பிக்கொண்டிருந்தது. ஏதோ புதுப்பித்துக்கொள்கிறது என்று நினைத்து, அது முடிகிற வரை நூல்கண்டுகளை நிறவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தேன். முடிந்ததும் பச்சைத் திரை வந்தது. நடுவில் ஒரு வாசகம்: நூலகத்துக்கு வருக.

கொஞ்ச நேரம் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. துணியில் போடுவதற்காக நான் வரைந்து வைத்திருந்த பூக்கள், கொடிகள், பறவைகள், கல்யாணப் புடவை ஒன்றுக்காக வாரக்கணக்கில் வரைந்து நேற்றுத்தான் முடித்த மயில் கழுத்து, எல்லாமே அழிந்திருந்தன. தினமும் காலையில் என் கம்ப்யூட்டர் வேலைக்கு வருமுன் கறுப்புத் திரையில் ஏதோ எழுத்துகள் காட்டிக் கொஞ்சம் தயங்கும். அதுவும் வயரில் யாரையோ கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. இன்றைக்குப் பதில் கிடைத்திருக்கிறது. சுவர் ஓட்டை வழியாக.

நான் பட்டறைக்குப் போனேன். கத்த வேண்டும் என்றுதான் போனேன். அக்கா ரப்பரால் தேய்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, என் கம்ப்யூட்டர் நூலகத்துக்குப் போயிடுச்சு" என்று மட்டும்தான் சொல்ல வந்தது. அவள் கையிலிருந்தது கீழே விழுந்தது.

வந்து பார்த்தாள். திரையைப் பார்த்தாள், சுவர் ஓட்டையைப் பார்த்தாள். என் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"இந்த வயரும் சர்வர் வயரும் ஒரே சுவிட்சு டப்பாவுலதான் சேருதுன்னு எனக்குத் தெரியும்" என்றாள். "தினம் பார்க்கறேன். தோணவே இல்ல எனக்கு."

  அவள் எழுந்து போனாள். சுவருக்கு அந்தப் பக்கம் சர்வரை நிறுத்துகிற சத்தம் கேட்டது, பிறகு அவள் குரல்.

"மாமாவுக்கு ஃபோன் பண்றேன். வந்து எடுத்துட்டுப் போகட்டும். ஆள் பார்க்காம ஏத்துனா என்ன ஆகும்னு நீங்க சொன்னீங்க. நான்தான் கேக்கல."

"என்ன ஆச்சுன்னு மொதல்ல சொல்லு."

சொன்னாள். உடனே அவர் என்னைக் கூப்பிட்டார். சுவர் வழியாகத்தான் கூப்பிட்டார்.

"தங்கச்சி, பெட்டியை ஆஃப் பண்ணிட்டியா?"

"இல்லண்ணே."

"ப்ளக்கைப் புடுங்கிடு. முறையா மூடாத, அப்படியே புடுங்கு. இனிமே அதுல ஒரு எழுத்து எழுதக்கூடாது. எழுதின எடம் போனது போனதுதான். மிச்ச எடம் அப்படியே கெடக்கும்."

புடுங்கினேன். அக்கா வந்து டிஸ்க்கைக் கழற்றி எடுத்துப்போனாள். நானும் பின்னாலேயே போனேன். அதை வேறொரு பெட்டியில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டி, எழுத முடியாமல் படிக்க மட்டும் செய்கிற மாதிரி வைத்தாள். அவர் படுத்தபடியே சொல்ல, அவள் தட்டினாள்.

"நூலகத்தோடது லேசானது. டிஸ்க்குல கொஞ்ச எடத்தைத்தான் பிடிச்சிருக்கும். பேரெல்லாம் போயிருக்கும். படம் இருக்கும்" என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, "அண்ணனுக்கு ஃபோன் பண்ணாத" என்றார்.

"என்னால இனிமே முடியாதுங்க."

"நீ எழுதினதுல தப்பில்ல. நம்பர் தெரியாததுக்கெல்லாம் நூலகத்தைப் போடுன்னது யாரு?"

"வயரைப் புடுங்காம விட்டது நான்."

"சரி, பாதிப்பாதி வச்சுக்குவோம். மொதல்ல இந்தப் பொண்ணோட பூவெல்லாம் எடுத்துக் குடுப்போம்."

அந்த டிஸ்க்கை அங்குலம் அங்குலமாகத் தேடிக்கொண்டு அந்தப் பெட்டி மறுநாள் மத்தியானம் வரை ஓடியது. கிடைத்ததெல்லாம் பெயரில்லாமல் நம்பர்களோடு வந்தன. நானும் அக்காவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்தோம். சிலது திறக்கவில்லை. சிலது பாதிப் பூவோடு நின்றது. ஆனால் பூக்கள் வந்தன, கொடிகள் வந்தன. எப்போதோ வரைந்து நானே மறந்துபோன ஒரு மீன் வந்தது.

"இது எதுக்கு வரைஞ்ச?" என்றாள் அக்கா.

"ஒரு சின்னப் பொண்ணு கவுனுக்கு. காசு குடுக்காம போயிட்டா அவ அம்மா."

அக்கா சிரித்தாள். இரண்டு நாளுக்குப் பிறகு அப்போதுதான் சிரித்தாள். அதற்குள் அவரே உள்ளேயிருந்து, "மயில் வந்துச்சா? மயில் வந்துச்சா?" என்று கேட்க ஆரம்பித்தார். ரொம்ப நேரம் கழித்து மயில் கழுத்து வந்தது. முழுசாக வந்தது. நான் அவர் மானிட்டரில் போட்டுக் காட்டினேன். எங்களுக்குப் படுத்துக் கிடந்த மயிலை அவர் நேராகப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இதை அழிக்க இருந்தோமே" என்றார்.

பிறகு அக்காவிடம் வேறு குரலில் பேசினார். "தெரியாதவங்க வந்து கூப்பிட்டா நம்ம சர்வர் என்ன சொல்லணும்? 'அம்மா, உனக்கு இங்க வேலை இல்ல, உன் டிஸ்க்குல இருக்கறதையே எடுத்துக்க'ன்னு திருப்பி அனுப்பணும். அதைத்தான் மொதல்ல எழுதியிருக்கணும். நம்பர் சொல்லி நாம கூட்டிட்டு வந்தவங்களுக்கு மட்டும்தான் அழிக்கிற வேலை. அதுவும் ஒரு தடவை ஏத்தி முடிச்சதும் நம்பரைப் பட்டியல்லேருந்து எடுத்துடணும். இல்லைன்னா ஆன் பண்ணும்போதெல்லாம் அழிச்சு அழிச்சு ஏத்திட்டு நிக்கும்."

"கிழடுங்களுக்கும் நம்பர் பார்க்கணுமே."

"பார்க்கலாம். நீ படி, நான் சொல்லச் சொல்ல எழுதறேன். படுத்துட்டே எழுத எனக்குக் கை இருக்கு."

என் வயரை அந்த சுவிட்சிலிருந்து எடுத்து வேறு சுவிட்சில் போட்டார்கள். அக்கா அதோடு விடவில்லை. சுவர் ஓட்டைக்குப் பக்கத்தில் சாக்பீஸால் பெரிதாக ஒரு கோடு கிழித்து, இந்தப் பக்கம் நாங்க, அந்தப் பக்கம் நீ என்றாள். நூலகத்துப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திருப்பி, முதுகில் ஒட்டியிருந்த நம்பரை உரக்கப் படித்தாள். அவர் ஒருக்களித்தபடியே நெஞ்சருகே கீபோர்டை வைத்துக்கொண்டு தட்டினார். எழுத்தும் எண்ணும் கலந்த நம்பர்கள் அந்தச் சுவர் வழியாக எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தன. தப்பாகப் படித்தால், "மறுபடி சொல்லு" என்பார். தப்பாகத் தட்டினால் அவளே கண்டுபிடித்துத் திட்டுவாள். என் மெஷினும் அந்தத் தாளத்துக்கே ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. பட்டறையில் மேசை, தரை, படிக்கட்டு என்று இடம் இருந்த இடத்திலெல்லாம் பெட்டிகள், திரைகள், வயர்கள். அக்கா எல்லாவற்றையும் ஆன் செய்து, சரியான பெட்டிக்குச் சரியான பதிப்பு போகிறதா என்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என் கடைக்கு வந்தாள். புடவை மாற்றியிருந்தாள்.

"கொஞ்ச நேரம் கடையைப் பார்த்துக்கறியா? கொஞ்சம் நடக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டார். இவரைக் கூட்டிட்டு முனை வரைக்கும் போயிட்டு வரேன்."

"பெட்டியெல்லாம் ஓடுதேக்கா. நின்னுட்டா நான் என்ன பண்ண?"

"நின்னா நிக்கட்டும். வந்து பார்த்துக்கறேன்."

அவர் இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு, அவள் தோளில் கைபோட்டு வெளியே வந்தார். முன்னறையைத் தாண்டும்போது ஓரிடத்தில் நின்று எல்லாத் திரையையும் பார்த்தார். நீலம், ஊதா, பச்சை. "எனக்கு இனி என்னதான் வேலை?" என்றார். விளையாட்டாகச் சொன்னாரா, வருத்தமா என்று எனக்குத் தெரியவில்லை.

"அடுத்த வருஷம் நாலாவது பதிப்பு வருமாமே. அது என்னென்ன கேக்கும்னு இப்பவே யோசிங்க" என்று அக்கா அவரை நகர்த்திக்கொண்டு போனாள்.

நான் பட்டறையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். அத்தனை பெட்டிகளின் மின்விசிறிகளும் சேர்ந்து, தூரத்தில் மழை பெய்கிற மாதிரி ஒரு சத்தம். அறை கதகதப்பாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் பெரியவரின் வண்டி வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. இரும்பு ஏற்றுகிற பெரிய வண்டி. உள்ளே வந்தவர் திகைத்து நின்றார்.

"எங்கே ரெண்டு பேரும்?"

"நடக்கப் போயிருக்காங்க."

"நடக்கவா? அப்ப இதையெல்லாம் யார் ஓட்டறது?"

"தானா ஓடுதுங்க."

நம்பவில்லை. உள்ளறைக்குள் எட்டிப் பார்த்தார். காலியான பலகையைப் பார்த்தார். திரும்பி வந்து ஒரு திரைக்கு முன்னால் குனிந்து, அதில் பட்டை நிரம்புவதை முடிகிற வரை பார்த்தார். அது முடிந்து பச்சையாகி வருக என்றதும், அடுத்த பெட்டிக்கு நகர்ந்து அதையும் பார்த்தார். தம்பி வருஷக்கணக்காக என்ன செய்துகொண்டிருக்கிறான் என்று அவர் நின்று பார்த்தது அன்றுதான் என்று நினைக்கிறேன். நான் ஸ்டூலை நகர்த்திப் போட்டேன். உட்கார்ந்தார்.

"அப்ப நான் எடைக்கு எடுக்க வேண்டியதில்லையோ?"

"நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக வண்டி வேணும்னு அக்கா சொல்லிட்டிருந்தாங்க."

"கண்ணாடி சாமான் மாதிரி ஓட்டணுமா இதை?"

"முட்டை மாதிரி."

"தார்ப்பாய் இருக்கு. அடியில வைக்கோல் போட்டுடலாம்" என்றார், தனக்குத்தானே சொல்வது போல.

தெருக்கோடியில் அவர்கள் திரும்பி வருவது தெரிந்தது. ரொம்ப மெதுவாக வந்தார்கள். தேங்கிய தண்ணீரைச் சுற்றிக்கொண்டு, ஒரு கடை வாசலில் நின்று, மறுபடி நடந்து. அவர் ஏதோ சொல்ல அவள் கழுத்தைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு வந்தாள். அந்தப் பழக்கம் அவளுக்கு இன்னும் போகவில்லை.

பெரியவர் எழுந்து வாசலுக்கு வந்தார். தம்பி நடந்து வருவதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கூப்பிடவில்லை. சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு போய், வாசலை அடைத்து நின்ற வண்டியைப் பின்னால் எடுத்தார். இரண்டு பேர் சேர்ந்தாற்போல் ஏறி வர வழி வேண்டியிருந்தது.